வராது என்பதும் வரவில்லை என்பதும்: புலம்பெயர் தமிழ் வகுப்பறையில் நன்னம்பிக்கை வளர்த்தல்

முன்னுரை

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்முன் இரண்டு வினாக்கள் நிற்கின்றன. ஒன்று, எவ்வாறு கற்பிப்பது என்பது. அதற்குப் பாடநூல்களும் பயிற்சி வகுப்புகளும் மாநாட்டுக் கட்டுரைகளும் துணைநிற்கின்றன. மற்றொன்று, கற்பித்து என்ன பயன் விளையும் என்பது. இதனைப் பெற்றோர் சிலர் வெளிப்படையாகவே கேட்கின்றனர். மாணவர் முகக்குறிப்பால் கேட்கின்றனர். வகுப்பு முடிந்து வீடு திரும்பும் வழியில் ஆசிரியர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்கிறார். முதல் வினாவுக்கு விடை அறிந்தவரும் இரண்டாம் வினாவால் சோர்ந்து பணியை விட்டு விலகுவதுண்டு.

இச்சோர்வுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தமிழ் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்றாகவும் பள்ளிப் பாடமாகவும் விளங்கும் சிங்கப்பூரிலேயே, வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் எனத் தெரிவித்தோர், 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் 2010-இல் 3.3 விழுக்காடாக இருந்து 2020-இல் 2.5 விழுக்காடாகக் குறைந்தனர். அரசின் துணை அத்துணை இல்லாத நாடுகளில், வார இறுதியில் இரண்டொரு மணி நேரம் நடைபெறும் வகுப்பே எழுத்துத் தமிழுக்குப் பெரும்பான்மையான பிள்ளைகள் அறிந்த ஒரே வாயில். இந்நிலையில் ஆசிரியரை நோக்கி ‘நம்பிக்கையோடு இருங்கள்’ என்று மட்டும் கூறுவது அறிவுரையாகுமேயன்றி உதவியாகாது.

நன்னம்பிக்கை என்பது பிறவிக் குணமோ மகிழ்ந்த முகமோ அன்று. நேர்ந்ததற்குக் காரணம் கூறும் ஒரு பழக்கம். அப்பழக்கம் மொழியில் வாழ்கிறது. ஆகவே அதனை அடையாளங்காணவும் மாற்றவும் பிறர்க்குப் பயிற்றவும் மொழியாசிரியரே மிகவும் தகுதியுடையவர். இக்கருத்தை உளவியல் ஆய்வுகளின் துணைகொண்டும் தமிழ் வகுப்பறையின் நடைமுறை கொண்டும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

தமிழில் ‘நம்பிக்கை’ என்னும் சொல் பரந்த பொருளுடையது. ஒருவர்மீது கொள்ளும் பற்றுறுதியும், ஒரு கொள்கையை ஏற்பதும், நன்மை வரும் என எதிர்பார்ப்பதும் அச்சொல்லில் அடங்கும். இவற்றுள் மூன்றாவதை மட்டும் குறிக்க இக்கட்டுரையில் ‘நன்னம்பிக்கை’ என்னும் சொல் ஆளப்படுகிறது. அதன் மறுதலை அவநம்பிக்கை.

இக்கருத்து தமிழ் மரபுக்குப் புதியதன்று. திருக்குறளில் ஊக்கமுடைமை 60-ஆம் அதிகாரம், மடியின்மை 61, ஆள்வினையுடைமை 62, இடுக்கணழியாமை 63. துன்பத்தில் உள்ளம் உடையாதிருத்தலைக் கூறும் அதிகாரம், முயற்சியைக் கூறும் அதிகாரத்தின் பின்னேயே வைக்கப்பட்டுள்ளது. இவ்வைப்புமுறை, கலங்காமையைச் செயலோடு இணைத்து எண்ணத் தூண்டுகிறது. அமர்ந்திருந்து நல்லது நிகழும் எனக் காத்திருத்தல் வேறு. செயலால் நிலைமை மாறும் என எதிர்பார்த்துச் செயலில் இறங்குதல் வேறு. பின்னதே ஈண்டுக் கருதப்படும் நன்னம்பிக்கை.

2. கையறுநிலையும் விளக்கப் பாங்கும்

1967-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களைக்கொண்டு நடத்திய சோதனைகள் இத்துறையின் தொடக்கமாக அமைந்தன. தம் முயற்சியால் நிறுத்தவியலாத மின்னதிர்ச்சிக்கு உட்பட்ட நாய்களுள் பெரும்பாலானவை, பின்னர்த் தப்பும் வழி இருந்தபோதும் தப்ப முயலாமல் கிடந்தன. அதே அதிர்ச்சியைத் தம் முயற்சியால் நிறுத்த முடிந்த நாய்களோ விரைவில் தப்பக் கற்றுக்கொண்டன. ஆகவே துன்பத்தின் அளவன்று, ‘நான் செய்வதால் பயனில்லை’ என்னும் அனுபவமே செயலறச் செய்கிறது என அவர்கள் முடிவு கண்டனர். இதனைக் கற்ற கையறுநிலை எனத் தமிழில் வழங்கலாம். புறத்திணையில் தலைவனை இழந்தோர் இரங்கும் துறையின் பெயரான ‘கையறுநிலை’, செயலற்றுப்போதல் என்னும் நேர்ப்பொருளால் இங்குப் பெரிதும் பொருந்துகிறது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து, 2016-இல், அவ்விருவருமே மூளை பற்றிய புதிய ஆய்வுகளின் அடிப்படையில் தம் கொள்கையைத் திருத்தி எழுதினர். நீடித்த துன்பத்தின்முன் செயலற்றுப்போவது கற்றுக்கொண்ட ஒன்றன்று, அதுவே இயல்பான எதிர்வினை. ‘என் செயலுக்குப் பயன் உண்டு’ என்பதே கற்றுக்கொள்ளப்படுவது என்பது அத்திருத்தத்தின் சாரம். இது ஆசிரியர்க்கு முதன்மையான செய்தி. சோர்ந்திருக்கும் மாணவன் தவறான ஒன்றைக் கற்றுக்கொண்டவன் அல்லன். கற்கவேண்டிய ஒன்றை இன்னும் கற்காதவன். கற்பித்தல் ஆசிரியரின் தொழில்.

அதே சூழலில் ஒருவர் சோர, மற்றொருவர் சோராதிருப்பது ஏன் என்னும் வினாவுக்கு 1978-இல் லின் ஆபிரம்சன், செலிக்மன், ஜான் டீஸ்டேல் ஆகியோர் விடை தந்தனர். தோல்விக்கு ஒருவர் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் காரணத்தைப் பொறுத்தே சோர்வு அமைகிறது என்றனர். அக்காரணத்தை மூன்று கோணங்களில் நோக்கலாம். அது நிலையானதா, தற்காலிகமானதா. எல்லாவற்றுக்கும் பரவுவதா, ஒரு கூற்றோடு நிற்பதா. தன்னிடமே உள்ளதா, சூழலிலும் உள்ளதா. ‘எனக்குத் தமிழ் வராது’ என்னும் பிள்ளையின் கூற்றில் மூன்றும் ஒருங்கே உள்ளன: என்றும், தமிழ் முழுவதும், என்னால். ‘இந்த வாரம் ளகரச் சொற்களைப் படிக்கவில்லை’ என்னும் கூற்றும் அதே மதிப்பெண்ணைத்தான் விளக்குகிறது. ஆனால் அது அடுத்த வாரம் செய்யத்தக்கது ஒன்றைச் சுட்டுகிறது.

வெற்றியை விளக்கும்போது இந்நிலை தலைகீழாகிறது. அவநம்பிக்கையுடைய பிள்ளை நன்றாக எழுதிய தேர்வைக் குறித்து ‘கேள்வி எளிது’ என்கிறது. தோல்வி தன்னுடையது, வெற்றி கேள்வித்தாளுடையது என்றாகிவிடுகிறது. ஆசிரியர் தோல்வியின்போது மட்டுமன்றி வெற்றியின்போதும் காரணம் கேட்பது இதனால் இன்றியமையாததாகும்.

3. ஒரு வினைமுற்றின் ஆற்றல்

உளவியலார் கூறும் இவ்வேறுபாடு தமிழில் வினைமுற்றின் வடிவிலேயே அமைந்துகிடக்கிறது. ‘வந்தது’, ‘வருகிறது’ என்பவற்றில் காலங்காட்டும் உறுப்பு உண்டு. ‘வராது’ என்பதில் எதிர்மறை உண்டு. காலம் காட்டும் இடைநிலை இல்லை. இன்றைய வழக்கில் அது வருங்காலத்தையும் என்றுமுள்ள இயல்பையும் குறிக்கிறது. கல் மிதக்காது, வேம்பு இனிக்காது என்பன போலவே ‘இவனுக்குத் தமிழ் வராது’ என்பதும் ஓர் இயல்புரையாக நின்றுவிடுகிறது. ‘வரவில்லை’ என்பதோ நிகழாத ஒன்றை மட்டும் கூறுகிறது. இனி நிகழுமா என்பதைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. அதனோடு ‘இன்னும்’ என்னும் சொல் சேரும்போது எதிர்பார்ப்பும் சேர்கிறது. பேருந்து நிறுத்தத்தில் ‘இன்னும் வரவில்லை’ என்று கேட்டவர் காத்து நிற்கிறார்; ‘வராது’ என்று கேட்டவர் வீடு திரும்புகிறார். இருவரும் கண்ட சாலை ஒன்றே.

மொழியின் வடிவம் எண்ணத்தைக் கட்டாயப்படுத்துகிறது என்று இதனால் கொள்ளவேண்டியதில்லை. ‘தெரியாது’ என்பது அன்றாட வழக்கில் இயல்பான விடையே. அதனைக் கூறுவோர் அனைவரும் அவநம்பிக்கையர் அல்லர். தமிழ் இரண்டு வடிவங்களைத் தருகிறது, எதனை எப்போது எடுப்பது என்பது பேசுவோர் கையில் உள்ளது என்பதே இங்குக் கூறப்படுவது. வராது, முடியாது, புரியாது என்பவற்றை ஒரு பக்கத்திலும் வரவில்லை, முடியவில்லை, புரியவில்லை என்பவற்றை மறுபக்கத்திலும் கரும்பலகையில் எழுதி, பொருள் வேறுபாட்டை மாணவரையே கூறச் செய்யலாம். அது இலக்கணப் பாடமாகவும் மனப்பயிற்சியாகவும் ஒருங்கே அமையும். பிள்ளை ‘எனக்கு வராது’ எனும்போது ஆசிரியர் மறுத்துரைக்க வேண்டியதில்லை. ‘எது இன்னும் வரவில்லை?’ என்று வினவினால் போதும். அவ்வினாவுக்கு விடை கூற வேண்டுமாயின் பிள்ளை தன் இடர்ப்பாட்டைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கும்.

மாணவரை வகைப்படுத்தும் மரபும் ஈண்டு எண்ணத்தக்கது. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை முதல், இடை, கடை எனப் பகுத்து அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியவற்றை உவமையாக்குகிறது. கற்கும் முறைகளின் வருணனையாக அவ்வுவமைகள் கூர்மையானவை. ஆயின் ஒரு பிள்ளையை ஓட்டைக்குடம் என்று பெயரிட்டுவிட்டால், ஒரு நாளின் நிலை வாழ்நாளின் இயல்பாகிவிடுகிறது. ஒரே பிள்ளை கதை நேரத்தில் அன்னமாகவும் இலக்கண நேரத்தில் ஓட்டைக்குடமாகவும் இருப்பதை எந்த ஆசிரியரும் கண்டிருப்பார்.

4. பிழைத்திருத்தமே நன்னம்பிக்கைப் பாடம்

நன்னம்பிக்கையை வளர்க்கத் தனிப் பாடவேளை வேண்டியதில்லை. பிழைத்திருத்தத்திலேயே அது வளர்கிறது, அல்லது தேய்கிறது. சொல்வதெழுதுதலில் ஒரு பிள்ளை பள்ளி என்பதைப் ‘பல்லி’ என்றும், வெள்ளம் என்பதை ‘வெல்லம்’ என்றும், கிளி என்பதைக் ‘கிலி’ என்றும் எழுதியதாகக் கொள்வோம். மூன்று சிவப்புக் கோடுகளும் குறைந்த மதிப்பெண்ணும் மட்டும் திரும்பி வந்தால், தன் தமிழே பிழை என்று பிள்ளை முடிவுகட்டும். ஆனால் மூன்றும் ஒரே பிழை. நாள் முழுதும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பழகும் செவிக்கு லகர ளகர வேறுபாடு இன்னும் பிடிபடவில்லை. அம்மொழிகளில் அவ்வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. ‘பத்தில் மூன்று தவறு’ என்பதற்கு மாற்றாக ‘ஓர் ஒலியைப் பழக வேண்டும்’ என்று ஆசிரியர் எழுதினால், அதுவே தற்காலிகமான, வரையறுத்த, செயலுக்கு இடந்தரும் விளக்கம். மேலும் அது மெய்யான விளக்கம். ஆறுதலுக்காக மதிப்பெண்ணைக் கூட்டவேண்டிய தேவையே எழாது.

வீட்டுத் தமிழையும் நூல்தமிழையும் வேறுபடுத்திக் காட்டுவதும் இவ்வகையினதே. யாழ்ப்பாண வழக்குப் பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை ‘நான் வாறன்’ என்கிறது. தமிழ்நாட்டு வழக்குப் பேசும் வீட்டுப் பிள்ளை ‘நான் வரேன்’ என்கிறது. பாடநூல் ‘வருகிறேன்’ என்கிறது. முன்னைய இரண்டையும் பிழையென அடித்தால், பிள்ளை தன்னிடம் உள்ள ஒரே தமிழையும் இழிவாகக் கருதத் தொடங்கும். ‘உனக்கு ஒரு வடிவம் தெரியும், இப்போது இரண்டாவது வடிவம்’ எனக் கூறும் ஆசிரியர் அதே பிள்ளையைப் பாதி வழி வந்தவராகக் காண்கிறார். சிங்கப்பூரில் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் மீளாய்ந்த குழு 2005-இல் தரமான பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. கற்றலின் தொடக்கப்புள்ளியை மாணவன் நிற்கும் இடத்துக்குக் கொணர்ந்ததால், அதனை நன்னம்பிக்கையின் நிறுவன வடிவம் எனவும் கருதலாம்.

எளிய வெற்றிகளை மட்டும் தந்து பிள்ளையை ஊக்கிவிடலாம் என்னும் எண்ணம் பரவலாக உண்டு. கரோல் டுவெக் 1975-இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஐயுறச் செய்கிறது. தோல்விமுன் தளர்ந்துபோகும் 12 குழந்தைகளை இரு பிரிவாக்கிக் கணிதப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒரு பிரிவுக்கு வெற்றியே கிட்டுமாறு பயிற்சி அமைந்தது. மற்றொரு பிரிவு இடையிடையே தோற்றது. தோற்றபோது ‘முயற்சி போதவில்லை’ என்று காரணங்காணப் பழக்கப்பட்டது. பின்னர்த் தோல்வி வந்தபோது முதற்பிரிவினர் முன்போலவே தளர்ந்தனர். இரண்டாம் பிரிவினர் தாக்குப்பிடித்தனர். தொகை சிறிதாயினும் ஆய்வின் திசை தெளிவானது. தோல்வியைக் காணாத பிள்ளைக்குத் தோல்வியை விளக்கத் தெரிவதில்லை.

பாராட்டின் சொற்களும் இவ்வாறே. கிளாடியா முல்லரும் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுகளில், ‘அறிவாளி’ எனப் பாராட்டப்பட்ட குழந்தைகள் அடுத்து வந்த கடினமான பணியில் தோற்றபின், ‘நன்கு முயன்றாய்’ எனப் பாராட்டப்பட்டவர்களைவிட எளிதில் ஊக்கமிழந்தனர். தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் ‘தமிழ்ப்புலி’, ‘குட்டிப் புலவர்’ என அடைமொழி சூட்டும் வழக்கத்தை இதனோடு ஒப்புநோக்கலாம். பேச்சை மனப்பாடம் செய்ய அப்பிள்ளை மேற்கொண்ட மூன்று வார உழைப்பை அவையினர்க்கு எடுத்துரைப்பது அதைவிட உயர்ந்த பாராட்டு. மேடையில் இல்லாத பிள்ளைக்கும் அது ஒரு வழியைக் காட்டும்.

5. ஆசிரியர் தமக்குள் பேசும் மொழி

மாணவர்க்கு நன்னம்பிக்கை கற்பிப்பவர் தம் பணியை எவ்வாறு விளக்கிக்கொள்கிறார் என்பது மாணவர்க்கு மறைவதில்லை. ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968-இல் வெளியிட்ட நூல் இதனை உலகறியச் செய்தது. கலிபோர்னியாவின் தொடக்கப்பள்ளி ஒன்றில், குருட்டுவாக்கில் தெரிந்தெடுத்த மாணவரைக் குறித்து ‘இவர்கள் இவ்வாண்டு முன்னேறுவர்’ என ஆசிரியர்களிடம் கூறப்பட்டது. கீழ்வகுப்புகளில் அவர்களுட் பலர் மெய்யாகவே முன்னேறியதாக அந்நூல் கூறியது. அதன் முறையியல் பின்னர்க் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. எதிர்பார்ப்பின் விளைவு முதலில் எண்ணிய அளவு பெரிதன்று என்பதே இன்றைய மதிப்பீடு. ஆயினும் ஆசிரியரின் எதிர்பார்ப்பு, யாரிடம் வினா கேட்கப்படுகிறது, விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கப்படுகிறது போன்ற சிறு செயல்களால் மாணவனை எட்டுகிறது என்பது வகுப்பறையில் நின்றோர் அறிந்ததே.

புலம்பெயர் நாடுகளில் பொதுவாகக் கேட்கும் விளக்கம் ‘பெற்றோர் வீட்டில் தமிழ் பேசுவதில்லை’ என்பது. இதில் உண்மை உண்டு. இது ஆசிரியரின் குற்றவுணர்வைத் தணிக்கிறது. ஆனால் நிலையானதாகவும் எல்லாவற்றையும் தழுவியதாகவும் இருப்பதால் அவர் கையையும் கட்டிவிடுகிறது. இதே உண்மையைக் கணக்காக மாற்றிப் பார்க்கலாம். வாரத்துக்கு 2 மணி நேரம், ஆண்டுக்கு 40 வாரம் எனக் கொண்டால் வகுப்பு நேரம் 80 மணி. நாளொன்றுக்கு 14 மணி நேரம் விழித்திருக்கும் பிள்ளையின் ஆண்டுக்கு 5,110 மணி நேரம் உண்டு. அதில் வகுப்பின் பங்கு 1.6 விழுக்காடு. அந்தப் பங்கைக்கொண்டு ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கிறது என்றால் அது தோல்வியன்று. மேலும் நாள்தோறும் வீட்டில் 10 நிமிடம் தமிழ்க்கதை வாசிக்கப்பட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 மணி நேரம் கூடும். கற்கும் நேரம் இருமடங்கை நெருங்கும். ‘வீட்டில் தமிழ் பேசுங்கள்’ என்னும் வேண்டுகோளின்முன் தயங்கும் பெற்றோர், ‘10 நிமிடம்’ என்னும் வேண்டுகோளை ஏற்கக்கூடும்.

ஆசிரியர் தம் விளக்கங்களைச் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. உளமருத்துவ அறிஞர் ஆல்பர்ட் எல்லிஸ் வகுத்த வழியைச் செலிக்மன் நன்னம்பிக்கைப் பயிற்சிக்கு ஏற்றவாறு விரித்தமைத்தார். நேர்ந்த இடர், அதுபற்றித் தோன்றிய எண்ணம், எண்ணத்தின் விளைவு, எண்ணத்தை எதிர்த்து வாதிடல், அதனால் பிறக்கும் ஊக்கம் என்பன அதன் ஐந்து படிகள். எடுத்துக்காட்டாக, ஜெர்மனியில் வார இறுதி வகுப்பு ஒன்றில், ஈராண்டு பயின்ற மூன்று பிள்ளைகள் தமிழில் கேட்ட வினாவுக்கு ஜெர்மன் மொழியிலேயே விடை கூறுகின்றனர் எனக் கொள்வோம். ஆசிரியைக்குத் தோன்றும் எண்ணம், ‘ஈராண்டும் வீண்’ என்பது. விளைவு, அடுத்த வாரம் உரையாடற் பயிற்சியைக் கைவிட்டு எழுத்துப்படி எழுதச் சொல்லுதல். வாதிடும் படியில் அவர் சான்று தேடுகிறார். விடை ஜெர்மனில் வந்தாலும் வினாவுக்குப் பொருத்தமாக வந்தது. ஆகவே வினா தமிழில் விளங்கியிருக்கிறது. கேட்டல் திறன் வந்துள்ளது. பேசுதல் இன்னும் வரவில்லை. இப்போது அடுத்த வாரத்துக்கு ஒரு செயல் கிடைக்கிறது: ஒரு சொல்லில் விடை, பின்னர் இரு சொல்லில் விடை, பின்னர்த் தொடர்.

இவ்வாதத்தில் வெல்ல வேண்டியது உண்மையே. சான்று எதிராக இருப்பின் அதனையும் ஏற்க வேண்டும். கற்பித்த முறை பயன்தரவில்லை என்று தெரியுமாயின், ‘இம்முறை பயன்தரவில்லை’ என்பதே நன்னம்பிக்கையுடையவரின் விடை. ‘நான் ஆசிரியராகத் தகுதியற்றவர்’ என்பது அச்சான்று கூறாத ஒன்று.

6. பள்ளியின் பண்பாக

தனியொரு ஆசிரியர் மட்டும் நன்னம்பிக்கையைச் சுமந்தால் அது விரைவில் தீர்ந்துவிடும். வேய்ன் ஹோய், ஜான் டார்ட்டர், அனிதா வுல்ஃபோக் ஹோய் ஆகியோர் 2006-இல் பள்ளிகளின் ‘கல்விசார் நன்னம்பிக்கை’ என்னும் கருத்தை முன்வைத்தனர். கல்விக்குத் தரும் முதன்மை, ‘நாம் கூடிச் செய்தால் இயலும்’ என்னும் ஆசிரியர் குழுவின் உறுதி, மாணவர்மீதும் பெற்றோர்மீதும் ஆசிரியர்க்குள்ள பற்றுறுதி ஆகிய மூன்றும் இணைந்த பண்பு அது. குடும்பங்களின் பொருளாதார நிலையைக் கணக்கில் கொண்ட பின்னும் அப்பண்பு மாணவரின் அடைவோடு தொடர்புடையதாக இருந்தது என அவர்கள் கண்டனர்.

தன்னார்வலரால் நடக்கும் தமிழ்ப் பள்ளிகள் இதனைப் பெருஞ்செலவின்றிச் செயற்படுத்தலாம். கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பத்தியை வாசிப்பதைக் கைப்பேசியில் பதிந்து, பெற்றோர் இசைவோடு பாதுகாத்து, ஆண்டிறுதியில் அதே பத்தியை மீண்டும் பதியலாம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் பிள்ளைக்குத் தன் வளர்ச்சியைப் பிறர் எடுத்துரைக்கத் தேவையில்லை. ஐயுற்ற பெற்றோர்க்கும் அதுவே விடை. ஆசிரியர் கூட்டங்களில் குறைகளைப் பேசுவதற்குமுன், ஒவ்வொருவரும் அம்மாதத்தில் வந்துசேர்ந்த திறன் ஒன்றைச் சான்றோடு கூறலாம். வகுப்பு மாறும் பிள்ளையைப் பற்றிய குறிப்பில் ‘மந்தம்’, ‘கவனமில்லை’ என்னும் சொற்களை விலக்கி, எது வந்துள்ளது, எது இன்னும் வரவில்லை என இரு பத்திகளாக எழுதலாம். அடுத்த ஆசிரியர்க்கு அது தொடங்கும் இடத்தைக் காட்டும்.

7. எல்லைகள்

நன்னம்பிக்கையின் பெயரால் நேரக்கூடிய தீங்குகளும் உண்டு. வாசிப்புக் குறைபாடுடைய பிள்ளையை நோக்கி ‘முயன்றால் வரும்’ எனத் திரும்பத் திரும்பக் கூறுவது கொடுமையாகும். முயன்றும் வராதபோது அப்பிள்ளை தன்னையே சோம்பேறி எனக் கருதும். அதற்குத் தேவை தக்க வல்லுநரின் மதிப்பீடும் வேறு கற்பித்தல் முறையும் ஆகும். முயற்சியை ஓதுவதோடு முயலும் வழியையும் காட்டவேண்டும்.

அடுத்து, இனிய கற்பனை எதிர்பார்ப்பு ஆகாது. முன்னனுபவத்தில் வேரூன்றிய நல்ல எதிர்பார்ப்பு முயற்சியைக் கூட்டுகிறது என்பதையும், வெற்றியை மனத்தில் கண்டு மகிழ்வது மட்டும் முயற்சியைக் குறைக்கக்கூடும் என்பதையும் காப்ரியேல் ஓட்டிங்கனின் ஆய்வுகள் காட்டின. ‘தமிழ் என்றும் வாழும்’ என்னும் மேடை முழக்கத்தை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்பது நன்று. அம்முழக்கத்தில் நாளைக்குச் செய்யவேண்டிய பணி எதுவும் இல்லையாயின், அது கேட்போரை உறங்கச் செய்யும் இனிய கற்பனையே.

மனப்பாங்கை மாற்றும் பயிற்சிகளின் பயன், பெருந்தொகை மாணவரிடை நிகழ்ந்த பின்னைய ஆய்வுகளில் சராசரியாகச் சிறிதாகவே காணப்பட்டுள்ளது. ஆகவே நன்னம்பிக்கை நல்ல பாடநூலுக்கோ ஆசிரியர் பயிற்சிக்கோ அரசின் ஏற்புக்கோ மாற்றாகாது. அவற்றைக் கேட்டுப் பெறும் வலிமையைத் தருவதே அதன் பணி. இறுதியாக, போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்து வார இறுதியில் கரும்பலகைமுன் நிற்கும் ஆசிரியரிடம் மகிழ்ந்திருக்குமாறு கேட்பது முறையன்று. நன்னம்பிக்கை துயரத்தை மறுப்பதில்லை. துயருற்றவரும் அடுத்த வாரத்துப் பாடத்தைத் திட்டமிடுவாராயின் அவர் நன்னம்பிக்கையுடையவரே.

முடிவுரை

மேற்கூறியவற்றால், நன்னம்பிக்கை என்பது நேர்ந்ததை விளக்கும் முறை என்பதும், அதனைப் பயின்று பெறலாம் என்பதும், தமிழின் எதிர்மறை வினை வடிவங்கள் அப்பயிற்சிக்கு நேரிய கருவியாகும் என்பதும், பிழைத்திருத்தம், பாராட்டு, ஆசிரியரின் தன்னுரை, பள்ளியின் ஆவணங்கள் ஆகிய நான்கிடத்தும் அதனைச் செயற்படுத்தலாம் என்பதும் பெறப்படும்.

மாணாக்கர்க்கு உவமை கூறிய நன்னூல் நல்லாசிரியர்க்கும் உவமை கூறுகிறது. நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கனுள் நிலத்தை முதலில் வைத்து, பருவத்துக்கும் முயற்சிக்கும் தக்க அளவில் விளைவு தருவதை அதன் பண்புகளுள் ஒன்றாகச் சுட்டுகிறது. பருவமும் முயற்சியும் கூடாத விளைச்சலை அவ்வுவமை வாக்களிக்கவில்லை. கூடிய விளைச்சலை மறுக்கவும் இல்லை. ஆண்டுக்கு 80 மணி நேரம் மட்டுமே பெற்ற நிலத்தில் முளைத்தது எவ்வளவு என்று அளந்து பார்ப்பதும், இன்னும் முளைக்காததை ‘முளைக்காது’ என எழுதிவிடாதிருப்பதும் புலம்பெயர் தமிழாசிரியர் தமக்கும் தம் மாணவர்க்கும் செய்யத்தக்க பணியாகும்.